‘போர்’ அடித்த முதல் புராஜெக்ட், நோபல் வரை கூட வந்தது! மூளை வளர்ச்சி ஆய்வகத்தில் ஒரு கல்லூரி மாணவிக்குக் கிடைத்த அனுபவம்

மூளை வளர்ச்சி ஆராய்ச்சி என்று சொன்னதும் பலருக்கும் கண்முன் வருவது சினிமாவில் பார்த்த லேப்தான். நீல வெளிச்சம், பெரிய திரை, அதில் சுழலும் 3டி மூளை. ஆனால், இளநிலை படிக்கும்போதே இப்படி ஒரு லேபில் இன்டர்ன்ஷிப் போனவர்களைக் கேட்டால் கதை வேற மாதிரி இருக்கும். முதல் சில வாரம் கண்ணாடிப் பாத்திரம் கழுவணும், கரைசல் கலக்கணும், ஸ்லைடுகளுக்கு லேபிள் ஒட்டணும். அப்புறம் ஒருநாள், ‘இந்த ஸ்லைடுல எத்தனை செல் இருக்குன்னு எண்ணுங்க’ என்று ஒரு வேலை வரும்.

எண்ணுவதா? இதுக்கா இவ்வளவு படிச்சோம் என்று தோன்றுவது சகஜம்தான்.

1930-களில் இத்தாலியின் டூரின் நகரில், மருத்துவம் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவிக்கும் முதல் வேலையாக இதுதான் கொடுக்கப்பட்டது. அவருக்கும் அது துளிகூடப் பிடிக்கவில்லை. அவர் பெயர் ரீட்டா லெவி-மொண்டால்சினி. 1986-ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசை ஸ்டான்லி கோஹனுடன் பகிர்ந்துகொண்டவர்.

மாணவப் பருவத்தில் ரீட்டா செய்த மூன்று புராஜெக்ட்கள் என்னென்ன? அதில் எது ஊத்திக்கொண்டது, எது கைகொடுத்தது? இன்றைக்கு ஒரு இளநிலை மாணவர் இதே துறையில் நுழைந்தால் என்ன செய்ய வேண்டியிருக்கும்? பார்க்கலாம்.

காலேஜில் சேரவே பர்மிஷன் வாங்கணும்

ரீட்டா பிறந்தது 1909 ஏப்ரல் 22 அன்று, டூரினில் ஒரு யூதக் குடும்பத்தில். அப்பா அடாமோ லெவி பொறியாளர். அம்மா அடேலே மொண்டால்சினி ஓவியர். கூடவே பிறந்த இரட்டைச் சகோதரி பாவ்லாவும் பின்னாளில் ஓவியர் ஆனார்.

படித்த குடும்பம்தான். ஆனாலும் பெண் பிள்ளைகள் பல்கலைக்கழகம் போவதில் அப்பாவுக்கு உடன்பாடு இல்லை. வேலை, தொழில் என்று போனால் மனைவி, அம்மா என்ற பொறுப்புகளுக்கு அது இடைஞ்சல் என்பது அவர் எண்ணம். அதனால் ரீட்டாவின் பள்ளிப் படிப்பு, பல்கலைக்கழகத்துக்கு வழிவிடாத பாதையில் போய்விட்டது.

20 வயதில், அப்பா நினைத்த வாழ்க்கை தனக்கு ஒத்துவராது என்று ரீட்டாவுக்குப் புரிந்தது. குடும்பத்தோடு நெருக்கமாக இருந்த ஜொவான்னா என்ற பணிப்பெண் புற்றுநோயில் இறந்தது, மருத்துவம் படிக்க வேண்டும் என்ற முடிவை உறுதியாக்கியது. அப்பாவிடம் பேசி சம்மதம் வாங்கினார். லத்தீன், கிரேக்கம், கணிதம் என விட்டுப்போன பாடங்களை எட்டே மாதத்தில் படித்து, தேர்வு எழுதி, டூரின் பல்கலைக்கழக மருத்துவப் பிரிவில் சேர்ந்தார். நம்ம ஊர் எம்பிபிஎஸ் மாதிரி, அங்கேயும் அதுதான் முதல் பட்டம்.

அங்கே உடற்கூறியல் பேராசிரியராக இருந்தவர் ஜுசெப்பே லெவி. ரீட்டாவுக்கு உறவில்லை, பெயர் மட்டும்தான் ஒற்றுமை. உடலுக்கு வெளியே திசுக்களை வளர்த்து ஆராயும் முறையை இத்தாலியில் முன்னெடுத்த முக்கியமானவர்களில் ஒருவர். மாணவர்கள் நடுங்கும் அளவுக்குக் கோபக்காரரும்கூட. எழுத்தாளர் நடாலியா கின்ஸ்பர்க் இவரது மகள்தான். ரீட்டாவோடு அதே காலத்தில் இவரிடம் படித்த இன்னும் இரண்டு பேர் சால்வடோர் லூரியா, ரெனாட்டோ டல்பெக்கோ. லூரியாவுக்கு 1969-லும் டல்பெக்கோவுக்கு 1975-லும் நோபல் கிடைத்தது. ஒரே ஆசிரியர், மூன்று நோபல் மாணவர்கள்!

புராஜெக்ட் 1: எண்ணு

முதுகுத்தண்டின் இரு பக்கமும் சின்னச் சின்ன முடிச்சு மாதிரி நரம்பணுக் கூட்டங்கள் இருக்கின்றன. தொடுவது, வலிப்பது, சுடுவது என உடம்பிலிருந்து வரும் தகவலை உள்ளே கொண்டுபோவது இவற்றில் இருக்கும் உணர்வு நரம்பணுக்கள்தான். ஒரே ஈற்றில் பிறந்த எலிக்குட்டிகளில் இந்த முடிச்சுகளில் இருக்கும் நரம்பணுக்களின் எண்ணிக்கை ஒரே மாதிரி இருக்குமா, மாறுமா? இதுதான் பேராசிரியர் கொடுத்த கேள்வி.

அதாவது, ஒரு உயிரினத்துக்கு எத்தனை நரம்பணு என்பது பரம்பரையிலேயே தீர்மானமாகி வருகிறதா, இல்லை வளரும்போது மாறுகிறதா? கேள்வி பெருசுதான். ஆனால் வேலை?

முடிச்சை எடுத்து, கெடாமல் பதப்படுத்தி, மெழுகில் பதித்து, மைக்ரோடோம் என்ற கருவியில் மெல்லிய சீவலாக வெட்டணும். ஒவ்வொரு சீவலையும் கண்ணாடியில் ஒட்டி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் வைத்து, தெரியும் நரம்பணுக்களை ஒன்று, இரண்டு, மூன்று என எண்ணணும். அடுத்த சீவல். அதற்கு அடுத்த சீவல். இப்படியே ஒரு முடிச்சு முழுக்க. பிறகு அடுத்த குட்டி.

இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. ஒரே செல் இரண்டு சீவல்களில் பாதி பாதியாக வந்துவிட்டால் அதை இரண்டு முறை எண்ணிவிட வாய்ப்புண்டு. இந்தப் பிழையைக் குறைக்க, செல்லின் உட்கருவுக்குள் இருக்கும் சின்னப் புள்ளி தெரிந்தால் மட்டும் எண்ணுவது போன்ற விதிகளை ஆய்வாளர்கள் வைத்துக்கொள்கிறார்கள். புள்ளி தெரியவில்லையா? செல் எவ்வளவு அழகாகத் தெரிந்தாலும் கணக்கில் சேராது.

இந்த வேலை அர்த்தமில்லாத சுமையாகத்தான் அப்போது ரீட்டாவுக்குத் தெரிந்தது.

புராஜெக்ட் 2: தோற்றுப்போன கேள்வி

அடுத்து பேராசிரியர் கொடுத்த தலைப்பு இன்னும் கஷ்டமானது. மனித மூளையின் மேற்பரப்பில் வால்நட் பருப்பு மாதிரி மடிப்புகள் இருக்கின்றன அல்லவா? கருவில் இருக்கும்போது இந்த மடிப்புகள் எப்படி உருவாகின்றன என்பதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

இதை ஆராய வளரும் நிலையில் உள்ள மனிதக் கருவின் மூளை வேண்டும். இத்தாலியில் அப்போது கருக்கலைப்பு சட்டப்படி குற்றம். மாதிரிகள் கிடைப்பதே அரிது. கிடைத்தாலும் ஆய்வுக்கு உகந்த நிலையில் இருப்பது அதைவிட அரிது. கையில் இருந்த கருவிகளும் அந்தக் கேள்விக்குப் போதாது. கடைசியில் இந்த முயற்சி கைவிடப்பட்டது.

மாணவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கணும். தோல்விக்குக் காரணம் திறமைக் குறைவு அல்ல. அந்தக் காலத்தில், அந்த ஊரில், அந்த லேபில் அந்தக் கேள்விக்கு விடை தேடவே வழி இல்லை. ஒரு கேள்வி நல்ல கேள்வியா என்பது ஒரு விஷயம். அதை இப்போது, நம் கையில் இருப்பதை வைத்து ஆராய முடியுமா என்பது இன்னொரு விஷயம். ஆய்வகத்துக்கு வரும் இளநிலை மாணவர்கள் பெரும்பாலும் முதல் அடியிலேயே கற்றுக்கொள்ளும் பாடம் இது.

புராஜெக்ட் 3: கைவந்த வித்தை

மூன்றாவதாக ரீட்டா இறங்கியது திசு வளர்ப்பில். உயிருள்ள திசுவின் சின்னத் துண்டை உடலுக்கு வெளியே, கண்ணாடியில், ஊட்டத் திரவத்தில் வளர்ப்பதுதான் இது. திசுக்களில் ரெட்டிகுலின் என்ற மிக நுண்ணிய இழைகள் எப்படி உருவாகின்றன என்பதை இந்த முறையில் ஆராய்ந்தார். இது கிளிக் ஆனது. 1936-ல் மிக உயர்ந்த தகுதியோடு மருத்துவப் பட்டம் வாங்கினார்.

நரம்பு இழைகளை வெள்ளி உப்பால் கறுப்பாகத் தெரியவைக்கும் சாயமுறையையும் இந்தக் காலகட்டத்தில்தான் பழகினார். கோழிக்கருவின் குட்டி நரம்பு மண்டலத்தை இந்த முறையில் சாயமேற்றினால், தங்கப் பின்னணியில் கறுப்பு நூல் ஓடுவது மாதிரி ஒவ்வொரு இழையும் தெரியும்.

ஆக, பட்டத்தோடு ரீட்டா வெளியே எடுத்து வந்தது மூன்று: எண்ணும் பழக்கம், திசு வளர்க்கும் கை, சாயமேற்றும் நுணுக்கம்.

ஒரு சின்ன பிரேக்: மூளை எப்படி வளர்கிறது?

ரீட்டா அடுத்து செய்ததைப் புரிந்துகொள்ள இந்த அடிப்படை வேணும்.

*முதலில் ஒரு குழாய்:* கருவின் மேற்பரப்பில் இருக்கும் ஒரு தட்டையான செல் படலம் சுருண்டு குழாயாக மூடிக்கொள்ளும். மனிதரில் கருத்தரித்து சுமார் 28 நாட்களுக்குள் இது முடிந்துவிடுகிறது. பலருக்கு கர்ப்பமே அப்போது உறுதியாகியிருக்காது. இந்தக் குழாய் சரியாக மூடாவிட்டால் முதுகுத்தண்டு, மூளை சார்ந்த பிறவிக் குறைபாடுகள் வரும். கர்ப்பத்துக்கு முன்பிருந்தே தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் எடுக்கச் சொல்வது இதனால்தான். ஏற்கெனவே இப்படிப் பாதிக்கப்பட்ட கர்ப்பம் இருந்த பெண்களிடம் நடத்தப்பட்டு 1991-ல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில், ஃபோலிக் அமிலம் எடுத்தவர்களுக்கு அது மறுபடி வரும் ஆபத்து 72% குறைந்தது.

*அடுத்து உற்பத்தி:* குழாயின் உள்சுவரில் இருக்கும் செல்கள் பிரிந்து பிரிந்து நரம்பணுக்களை உருவாக்கும்.

*அப்புறம் இடமாற்றம்:* பிறந்த இடத்திலேயே நரம்பணுக்கள் தங்குவதில்லை. பெருமூளைப் புறணியில், நீளமான தாங்கு செல்களைக் கயிறு மாதிரி பிடித்துக்கொண்டு வெளிப்பக்கம் ஏறிப்போகும். முதலில் வந்தவை அடியில் தங்க, பின்னால் வந்தவை அவற்றைத் தாண்டி மேலே போய் உட்காரும்.

*பிறகு இணைப்பு:* ஒவ்வொரு நரம்பணுவும் நீண்ட இழையை அனுப்பி, தசையையோ தோலையோ இன்னொரு நரம்பணுவையோ தேடித் தொடும்.

*கடைசியில் கழித்தல்:* வளரும் நரம்பு மண்டலத்தின் பல பகுதிகளில் தேவைக்கு மேல் நரம்பணுக்கள் உருவாகி, அதில் பெரும் பங்கு, சில இடங்களில் பாதி வரைகூட, இறந்துபோகின்றன. இது நோய் இல்லை. இயல்பான வளர்ச்சியின் ஒரு கட்டம்.

இந்தக் கடைசிப் படியைப் புரியவைத்ததில் ரீட்டாவின் பங்கு பெரியது. அதுவும் எங்கே வைத்து? வீட்டு பெட்ரூமில்!

வேலை போச்சு, பெட்ரூம் லேப் ஆச்சு

1938-ல் முசோலினியின் பாசிச அரசு இனச் சட்டங்களைக் கொண்டுவந்தது. யூதர்கள் பல்கலைக்கழகத்தில் வேலை பார்க்கக் கூடாது. பேராசிரியர் லெவி பதவி இழந்தார். நரம்பியலில் மேற்படிப்பில் இருந்த ரீட்டாவுக்கும் கதவு மூடப்பட்டது. கொஞ்ச காலம் பெல்ஜியத்தில் ஆய்வு செய்தார். ஜெர்மனி அந்த நாட்டுக்குள் நுழையும் தறுவாயில், 1940-ல் டூரின் திரும்பினார்.

செய்ய ஒன்றுமில்லை. வெளியே போர். அப்போதுதான் தன் படுக்கையறையிலேயே ஒரு லேப் அமைத்தார். ஒரு நுண்ணோக்கி, முட்டைகளுக்கு ஒரு இன்குபேட்டர், வாட்ச் ரிப்பேர் செய்பவர்கள் பயன்படுத்தும் நுண்ணிடுக்கி, கண் அறுவை சிகிச்சைக்கான குட்டிக் கத்தரி, தீட்டிக் கூராக்கிய தையல் ஊசிகள். ஆராய்ச்சிப் பொருள்: கோழி முட்டை. எங்கேயும் கிடைக்கும், விலை குறைவு, 21 நாளில் முழுக் குஞ்சாகிவிடும்.

பெல்ஜியத்திலிருந்து தப்பிவந்த பேராசிரியர் லெவியும் இந்த பெட்ரூம் லேபில் சேர்ந்துகொண்டார். இந்த முறை மாணவிக்கு உதவியாளராக!

அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி, விக்டர் ஹாம்பர்கர் என்ற விஞ்ஞானி 1934-ல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வந்தது. கோழிக்கருவில் இறக்கையாக வளரப்போகும் மொட்டை வெட்டி எடுத்துவிட்டால், அந்தப் பக்கம் போகவேண்டிய நரம்பணுக்கள் குறைந்துவிடுகின்றன என்று ஹாம்பர்கர் காட்டியிருந்தார். காரணம்? இறக்கையிலிருந்து வரவேண்டிய தூண்டுதல் இல்லாததால் நரம்பணுக்கள் உருவாகவே இல்லை என்பது அவர் விளக்கம்.

கணக்கு எங்கே உதவியது?

இதை ஆபீஸ் பாஷையில் யோசிக்கலாம். ஒரு கம்பெனியில் வருஷக் கடைசியில் 60 பேர் இருக்கிறார்கள். 60 பேரைத்தான் வேலைக்கு எடுத்தார்களா? இல்லை 100 பேரை எடுத்து 40 பேர் விலகிப் போனார்களா? டிசம்பர் மாசத் தலைக்கணக்கை மட்டும் பார்த்தால் தெரியாது. மாசாமாசம் எண்ணினால்தான் தெரியும்.

ரீட்டாவும் லெவியும் அதைத்தான் செய்தார்கள். இறக்கை மொட்டு வெட்டப்பட்ட கருக்களை வளர்ச்சியின் வெவ்வேறு நாட்களில் எடுத்து, சீவி, வெள்ளிச் சாயமேற்றி, நரம்பணுக்களை எண்ணினார்கள். ஆரம்ப நாட்களில் நரம்பணுக்கள் உருவாகின்றன, முதிர்கின்றன, இழைகளையும் அனுப்பத் தொடங்குகின்றன. அப்புறம்தான் இறக்கின்றன.

அதாவது, ஆள் எடுக்காமல் இல்லை. எடுத்த ஆட்கள் தாக்குப்பிடிக்கவில்லை. இழை போய்ச் சேரவேண்டிய இடத்திலிருந்து, நரம்பணு உயிரோடு இருக்கத் தேவையான ஏதோ ஒன்று வருகிறது, அது கிடைக்காதபோது செல் சாகிறது என்ற எண்ணம் இங்கிருந்துதான் தொடங்கியது. முடிவுகள் 1942-ல் பெல்ஜிய ஆய்விதழ் ஒன்றில் வெளியாயின.

மாணவியாக இருந்தபோது எரிச்சலோடு எண்ணிய அதே எண்ணல்தான். இந்த முறை எதற்காக எண்ணுகிறோம் என்பது தெரிந்திருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

டூரின் மீது குண்டுவீச்சு அதிகமானதும் லேபோடு சேர்ந்து குடும்பம் கிராமத்து வீட்டுக்கு இடம்பெயர்ந்தது. குழந்தைகளுக்குச் சத்தாக இருக்கும் என்று சொல்லி விவசாயிகளிடம் கருவுற்ற முட்டைகளை வாங்கிவருவார் ரீட்டா. ஆய்வு முடிந்ததும் மிச்சம் சமையலறைக்குப் போகும். போர்க்காலத்தில் முட்டையை வீணாக்க முடியுமா என்ன?

டூரின் டு ரியோ

போர் முடிந்து, 1947-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்திலிருந்து அழைப்பு வந்தது. அழைத்தவர் வேறு யாருமில்லை, யாருடைய விளக்கத்தை ரீட்டா மாற்றிக் காட்டினாரோ அதே ஹாம்பர்கர்தான். ஒரு வருஷத்துக்கும் குறைவான நாட்களுக்கு என்று போனவர், அங்கே 30 ஆண்டுகள் இருந்தார்.

ஒரு வகை எலிப் புற்றுக்கட்டியைக் கோழிக்கருவில் வைத்தால், நரம்பு இழைகள் அதை நோக்கி வெறித்தனமாக வளர்வது அங்கே தெரியவந்தது. கட்டியிலிருந்து ஏதோ ஒரு பொருள் கசிகிறது என்று ரீட்டா சந்தேகித்தார். அதை நிரூபிக்க, மாணவியாகப் பழகிய திசு வளர்ப்பு தேவைப்பட்டது. கட்டி வளர்ந்த எலிகளை எடுத்துக்கொண்டு 1952-ல் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவுக்கு விமானம் ஏறினார். அங்கே திசு வளர்ப்பு லேப் வைத்திருந்தவர் ஹெர்தா மெயர். டூரினில் அதே பேராசிரியர் லெவியிடம் வேலை பார்த்தவர்!

கண்ணாடியில் ஒரு நரம்பு முடிச்சு, பக்கத்தில் கட்டியின் துண்டு. ஒரே நாளில் முடிச்சைச் சுற்றிச் சூரியக் கதிர் மாதிரி நரம்பு இழைகள் முளைத்தன. அந்தப் பொருளைப் பிரித்தெடுக்கும் வேலையில் உயிர்வேதியியலாளர் ஸ்டான்லி கோஹன் சேர்ந்தார். அதுதான் ‘நரம்பு வளர்ச்சிக் காரணி’. இதே புரதத்தின் ஆய்வகத் தயாரிப்பு, கருவிழி நரம்பு பாதிப்பால் வரும் ஒரு அரிய கண் நோய்க்குச் சொட்டு மருந்தாக 2018-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

2012 டிசம்பர் 30 அன்று, 103 வயதில் ரீட்டா காலமானார்.

இன்றைக்கு ஒரு மாணவர் போனால் என்ன வேலை?

கருவிகள் மாறிவிட்டன. வேலையின் சாரம் பெரிதாக மாறவில்லை. எலி மூளையை ஆராயும் ஒரு லேபில் வழக்கமான வரிசை இப்படி இருக்கும்:

1. பதப்படுத்திய மூளையைச் சர்க்கரைக் கரைசலில் போட்டு, அது அடியில் மூழ்கும்வரை காத்திருக்கணும். திசுவில் ஐஸ் படிகம் உருவாகிக் கிழிக்காமல் இருக்க இந்த ஏற்பாடு.

2. உறையவைத்த மூளையை கிரையோஸ்டாட் என்ற குளிர்ப்பெட்டி மைக்ரோடோமில் சீவணும். உள்ளே சுமார் மைனஸ் 20 டிகிரி. ஒரு சீவலின் தடிமன் தலைமுடியின் தடிமனில் கால் பங்கு அளவுதான். தூரிகை நுனியால் தள்ளி ஸ்லைடில் ஏற்றணும். மூச்சு பட்டாலே சுருண்டுகொள்ளும். முதல் சில நாட்கள் எல்லோருக்கும் சொதப்பும்.

3. குறிப்பிட்ட புரதத்தில் மட்டும் ஒட்டும் எதிர்ப்பான்களை ஊற்றி, ராத்திரி முழுக்கக் குளிரில் வைக்கணும். மறுநாள் கழுவி, ஒளிரும் நிறம் கொண்ட இரண்டாவது எதிர்ப்பானைச் சேர்க்கணும்.

4. நுண்ணோக்கியில் படம் எடுக்கணும்.

5. அப்புறம்? எண்ணணும்! இப்போது அதற்கு இமேஜ்ஜே போன்ற இலவச மென்பொருள் இருக்கிறது. ஆனாலும் ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு செல்களை மென்பொருள் ஒன்று என்று சொன்னால், அதைப் பிடிக்க மனிதக் கண் வேணும்.

இதில் மாணவர்கள் கற்கும் முக்கியமான இரண்டு பழக்கங்கள் உண்டு. ஒன்று, எந்த ஸ்லைடு எந்தக் குழுவைச் சேர்ந்தது என்று தெரியாமலே எண்ணுவது. தெரிந்தால், எதிர்பார்த்த விடை வரும்படி கண் நம்மையறியாமல் சாய்ந்துவிடும். இரண்டு, ஒப்பீட்டு ஸ்லைடு. முதல் எதிர்ப்பானை வேண்டுமென்றே விட்டுவிட்ட ஒரு ஸ்லைடும் ஒளிர்ந்தால், மற்ற ஸ்லைடில் தெரியும் ஒளியையும் நம்ப முடியாது. அழகான படம் கிடைத்த சந்தோஷத்தில் இந்த ஒரு ஸ்லைடை மறந்தால், இரண்டு நாள் வேலை காலி.

எலியை நேரடியாகக் கையாள, முறையான பயிற்சியும் விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதியும் தேவை. அதனால் மாணவர்களுக்குப் பெரும்பாலும் பதப்படுத்திய திசுவோ, கோழிக்கருவோ, வரிக்குதிரை மீனோ கொடுக்கப்படும். இந்த மீனின் கரு கண்ணாடி மாதிரி இருக்கும். மூளை உருவாவதை உயிரோடு இருக்கும்போதே பார்க்கலாம்.

எண்ணுறது இவ்வளவு முக்கியமா?

மனித மூளையில் 10,000 கோடி நரம்பணுக்கள் என்று பல வருஷம் பாடப்புத்தகங்களில் இருந்தது. பிரேசிலைச் சேர்ந்த சுஸானா ஹெர்குலானோ-ஹூசெல் இந்த எண் எங்கிருந்து வந்தது என்று தேடினார்; உறுதியான மூலம் கிடைக்கவில்லை. மூளைத் திசுவைக் கரைசலாக்கி அதில் மிதக்கும் உட்கருக்களை எண்ணும் ஒரு முறையை அவர் குழு உருவாக்கியது. 2009-ல் வெளியான விடை: சராசரியாக 8,600 கோடி. ‘எல்லோருக்கும் தெரிந்த’ ஒரு எண்ணை மாற்றியது, யாராவது உட்கார்ந்து எண்ணியதுதான்.

சென்னையில் விடை தேடும் பழைய கேள்வி

ரீட்டா மாணவியாக இருந்தபோது கைவிட்ட அந்த இரண்டாவது புராஜெக்ட் ஞாபகம் இருக்கிறதா? வளரும் மனிதக் கருவின் மூளையை நுணுக்கமாகப் பார்ப்பது. சென்னை ஐஐடியின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 டிசம்பரில் ‘தரணி’ என்ற தரவுத் தொகுப்பை வெளியிட்டது. வளரும் நிலையில் உள்ள மனிதக் கரு மூளையின் 5,132 சீவல்களை டிஜிட்டலாக்கி, செல் அளவில் பெரிதாக்கிப் பார்க்கும்படி இணையத்தில் இலவசமாகத் தந்திருக்கிறார்கள்.

டூரினில் ஒரு தனி மாணவிக்கு மாதிரி கிடைக்கவில்லை. இங்கே மருத்துவர்கள், பொறியாளர்கள், நரம்பியலாளர்கள் கொண்ட குழுவே தேவைப்பட்டது. அந்தக் கேள்வி எவ்வளவு பெரியது என்பதற்கு இதுவே சாட்சி. லேப் வசதியே இல்லாத கல்லூரியில் படிக்கும் ஒரு மாணவரும் இன்றைக்கு லேப்டாப்பில் இதைத் திறந்து பார்க்கலாம்.

போகணும்னா எங்கே, எப்படி?

இந்தியாவில் மூளை வளர்ச்சி ஆய்வில் கவனிக்கத்தக்க பெயர் ஷுபா தோலே. மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில், கருவில் பெருமூளைப் புறணியும் நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸும் எப்படி உருவாகின்றன என்று ஆராய்பவர். 2014-ல் இன்ஃபோசிஸ் பரிசு பெற்றார். இதுதவிர பெங்களூருவின் என்சிபிஎஸ், இந்திய அறிவியல் கழகம், ஹரியானா மானேசரின் தேசிய மூளை ஆராய்ச்சி மையம், ஐசர் கல்வி நிறுவனங்கள் ஆகியவற்றிலும் நரம்பியல் ஆய்வகங்கள் இருக்கின்றன.

இந்தியாவின் மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைகால ஆய்வு உதவித்தொகைத் திட்டத்தில் இளநிலை மாணவர்களும் விண்ணப்பிக்கலாம். தேர்வானால் ஒரு விஞ்ஞானியின் கீழ் சுமார் இரண்டு மாதம் வேலை பார்க்கலாம். கோடை விடுமுறைக்குப் பல மாதங்கள் முன்பே விண்ணப்பம் முடிந்துவிடும் என்பதால் அகாடமி தளத்தை முன்கூட்டியே பார்த்துவைப்பது நல்லது.

நேரடியாகப் பேராசிரியருக்கு மெயில் போடுவதும் நடைமுறைதான். அப்போது செய்யவேண்டியது: அவரது சமீபத்திய ஆய்வுக்கட்டுரை ஒன்றையாவது படித்து, அதில் புரிந்தது என்ன, புரியாதது என்ன என்று நாலு வரி எழுதுவது. செய்யக்கூடாதது: ஒரே மெயிலை 50 பேருக்கு காப்பி-பேஸ்ட் செய்வது. ‘ரெஸ்பெக்டட் சார்’ என்று ஒரு பெண் விஞ்ஞானிக்குப் போனால் அங்கேயே கதை முடிந்தது.

சேரும்போதே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டிய விஷயங்களும் உண்டு. உதவித்தொகை இருக்கிறதா? தங்குமிடம் யார் பொறுப்பு? தினசரி வேலையைச் சொல்லிக்கொடுக்கப்போவது யார்? கட்டுரை வெளியானால் மாணவரின் பங்கு எப்படிக் குறிப்பிடப்படும்? இதையெல்லாம் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. வெளியூரில் இரண்டு மாதம் சொந்தச் செலவில் தங்க எல்லா வீட்டிலும் முடியாது. அதை முதலிலேயே தெரிந்துகொண்டால்தான் முடிவெடுக்க முடியும்.

இரண்டு மாதத்தில் கண்டுபிடிப்பு வருமா?

பெரும்பாலும் வராது. எதிர்ப்பான் ஒட்டாது, சீவல் கிழியும், எண்ணிக்கையில் வித்தியாசமே தெரியாது. ஊருக்குத் திரும்பும்போது கையில் இருப்பது ஒரு குறிப்பேடும் சில படங்களும்தான் என்றாகலாம். ‘கேம்பஸ் பிளேஸ்மென்ட்டுக்குத் தயாராகியிருக்கலாமே’ என்று வீட்டில் கேட்கவும் செய்வார்கள்.

அந்தக் கேள்விக்கு எல்லோருக்கும் பொருந்தும் பதில் இல்லை. ஆனால் ஒரு சோதனை உண்டு. மாலை ஆறு மணி, நுண்ணோக்கி முன்னால் 40-வது ஸ்லைடு. எண்ணிக்கை முந்தைய ஸ்லைடுகளோடு ஒத்துப்போகவில்லை. அப்போது ‘ஐயோ, மறுபடியுமா’ என்று தோன்றலாம். ‘ஏன் ஒத்துப்போகலை?’ என்றும் தோன்றலாம். இரண்டும் சேர்ந்தே தோன்றினாலும் தப்பில்லை. இரண்டாவது கேள்வி, வீட்டுக்குப் போகும் பஸ்ஸிலும் கூடவே வந்தால், இந்தத் துறையை இன்னும் கொஞ்ச நாள் முயன்று பார்க்கலாம். வரவில்லை என்றால், அதையும் இளநிலையிலேயே தெரிந்துகொண்டது லாபம்தான். ஐந்தாறு வருஷம் பிஎச்டி செய்துவிட்டுத் தெரிந்துகொள்வதைவிட இது எவ்வளவோ மேல்.